ஐப்பசி தசமி உங்கள் நாள் அல்ல

நீங்கள் உயிரோடு இருக்கும்போதே உங்களுக்குக் கருமாதி செய்தார்கள். வந்த கடிதத்தைப் படிக்காமல் கிழித்துப் போட்டுவிட்டுச் செய்தார்கள். பிறகு உண்மையிலேயே நீங்கள் போனபோது ஒன்றும் செய்யவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு தரம் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். இதுதான் நடந்தது. இதில் ஒரு சொல்லையும் நான் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.

இன்று காலை முன்கட்டிலிருந்து வாழைக்காய் வறுபடும் வாசனை வந்தது. நல்லெண்ணெய், மிளகு, வாழைக்காய். வருஷத்தில் இந்த ஒரு நாள் அந்த வாசனை வந்தால் நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். ஐப்பசி மாதம், வளர்பிறை தசமி. வெளியே மழை. உங்கள் தம்பி குறித்து வைத்த நாளில் உங்களுக்குத் தெவசம் நடக்கிறது.

உங்கள் தம்பி போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது அவர் மகன் செய்கிறான். நல்லவன்தான். தினமும் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் ஆபீசுக்குப் போவான். இன்றைக்கு ஈர வேட்டியோடு பின்கட்டுக்கு வந்து நின்றான்.

“பெரியம்மா, எல போட்டாச்சு. வந்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போங்க.”

“யாருக்கு?”

“இன்னா பெரியம்மா, வருஷா வருஷம் இதே கேள்வி. பெரியப்பாவுக்குத்தான்.”

“இந்த நாள்ல உன் பெரியப்பா பனாமாவுல கப்பல்காரனுக்குச் சட்டை தைச்சுக்கினு இருந்தார். அவருக்கு எதுக்குடா எல?”

அவன் சிரிக்கவில்லை. “அப்பா வச்ச நாள் பெரியம்மா. நான் மாத்தினா அப்பா தப்பு பண்ணார்னு ஆவும்.”

“ஆவட்டும்.”

அவன் போய்விட்டான். நான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். எனக்கு ஐம்பத்தைந்து வயதாகிறது. உங்கள் சரியான நாள் இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் கண்ணை மூடினால் அந்த நாளும் மூடிப்போகும். அதனால் எழுதுகிறேன். எனக்கு யாரும் எழுத்துச் சொல்லித் தரவில்லை. எழுத்தில் பிழை இருக்கலாம். நடந்ததில் பிழை இல்லை.

பெரிய சண்டை முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தெற்கு மாட வீதியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் உங்கள் தையல் மிஷின் இருந்தது. மவுண்ட் ரோடு பட்டுக்கடைச் சேட் ஒருவர், சிந்து தேசத்துக்காரர், கபாலி கோயில் பார்க்க வந்தவர் உங்கள் காலர் தையலைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். அவர்கள் கடைக்குப் பல தேசங்களில் கிளை. பனாமாவில் கொலோன் என்ற துறைமுகத்துக்கு ஒரு தையற்காரர் வேண்டும், மூன்று வருஷ ஒப்பந்தம் என்றார். வீட்டுக்கு வந்து நீங்கள் தரையில் தையல் சாக்குக் கட்டியால் கோடு போட்டுக் காட்டினீர்கள்.

“இங்க ஒரு கடல். அங்க ஒரு கடல். நடுவுல சட்டைப் பட்டி மாதிரி ஒரு தேசம். அதுல அமெரிக்காக்காரன் காஜா எடுத்து வச்சிருக்கான். கப்பல் பித்தான் மாதிரி இந்தப் பக்கம் நொழைஞ்சு அந்தப் பக்கம் வருது.”

“காஜா பிரிஞ்சுபோச்சுன்னா?”

“அதுக்குத்தானே தையக்காரனைக் கூப்புடறான்.”

உங்களுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. நமக்குக் குழந்தை இல்லை. உங்கள் அம்மா நீங்கள் கப்பல் ஏறும் வரை உங்களோடு பேசவில்லை. ஏறிய பிறகு ஒரு வாரம் சாப்பிடவில்லை.

உங்கள் கடிதம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும். உங்கள் தம்பி வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. கூடத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டுவார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். ஒன்றையும் நான் மறக்கவில்லை. கப்பல் காலையில் கொலோனில் வந்து நிற்கும். பிரயாணிகள் இறங்கிக் கடைக்கு வருவார்கள். நீங்கள் அளவு எடுத்துக்கொள்வீர்கள். அவர்கள் திரும்பப் போய்க் கப்பல் ஏறிவிடுவார்கள். கப்பல் கால்வாய் வழியாக மெல்ல மெல்லப் போய் மறு கடலைத் தொட ஒரு பகல் ஆகும். அதற்குள் நீங்கள் பட்டுச் சட்டையை வெட்டித் தைத்துப் பித்தான் வைத்து இஸ்திரி போட்டு ரயிலில் அனுப்பிவிடுவீர்கள். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் போதும். அவன் அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது சட்டை அவனுக்காகக் காத்திருக்கும். “கடலைத் தோற்கடிக்கிற தையல்” என்று நீங்கள் எழுதியதைப் படித்து உங்கள் தம்பியே சிரித்தார்.

எட்டு மாதம் மழை என்று எழுதினீர்கள். பட்டில் ஒரே இரவில் பூஞ்சை பூத்துவிடுமாம். அதனால் அலமாரிக்குள் எலெக்ட்ரிக் விளக்கை இரவும் பகலும் எரியவிட்டு வைப்பார்களாம். நம் வீட்டில் மனிதர்களுக்கே அப்போது சீமெண்ணெய் விளக்குத்தான். கால்வாய்க்காரர்களின் தபாலாபீசில் வெள்ளைக்காரர்கள் நிற்கத் ‘தங்கம்’ என்று ஒரு ஜன்னல், மற்றவர்களுக்கு ‘வெள்ளி’ என்று ஒரு ஜன்னல். “எனக்குத் தகரம் என்று ஒன்று இருந்தால் கூட்டம் குறைவாக இருக்கும்” என்று எழுதியிருந்தீர்கள். மரவீட்டில் மாடியில் ஒரு அறை. கீழே வீட்டுக்காரம்மா. பள்ளிக்கூட வாத்தியாரின் மனைவி. நீங்கள் போன இரண்டாவது வருஷக் கடைசியில் வாத்தியார் இறந்துபோனார். தலையிலிருந்து கால் வரை கருப்பு உடுத்தியவள், உங்களுக்கு வாழைக்காயைத் தட்டி இரண்டு தரம் எண்ணெயில் பொரித்துக் கொடுப்பாளாம்.

மூன்றாவது வருஷம் உங்களுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். காய்ச்சல் விட்டதும் படுக்கையிலேயே மைப்பென்சிலால் ஒரு கடிதம் எழுதி, வீட்டுக்காரம்மாவிடம் தபாலில் போடக் கொடுத்தீர்கள். அவள் அதைத் தன்னிடம் இருந்த உறையில் வைத்து, வீட்டிலிருந்து உங்களுக்கு வந்த பழைய கடிதம் ஒன்றைப் பார்த்து விலாசத்தைத் தன் கையால் எழுதி அனுப்பினாள். அந்த ஊரில் துக்கம் காக்கிறவர்கள் ஒரு வருஷம் கருப்புக் கரை போட்ட உறையில்தான் எழுதுவார்கள். யாருக்கு எழுதினாலும், என்ன எழுதினாலும். அவள் வீட்டில் வேறு உறை இல்லை. இது எல்லாம் எனக்குப் பிற்பாடு நீங்கள் சொல்லித் தெரிந்தது.

அன்று எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஐப்பசி வளர்பிறை தசமி, மழை. தபால்காரர் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். எப்போதும் உள்ளே வந்து தண்ணீர் கேட்டுக் குடிக்கிறவர்.

“நீங்களே வந்து வாங்கிக்கங்க சாமி. நான் படி ஏற மாட்டேன். கருப்புக் கரை போட்டு வந்துகீது.”

உங்கள் தம்பி தெருவில் இறங்கி நனைந்துகொண்டே வாங்கினார். வெளித் தேசத்துத் தபால்தலை. உங்கள் கையெழுத்து இல்லை. நான்கு பக்கமும் விரல் அகலத்துக்குக் கருப்பு. உங்கள் அம்மா கூடத்திலிருந்தே கத்தினார்கள்: “உள்ள எடுத்துக்கினு வராதே! அங்கயே கிழிச்சுப் போட்டுட்டுத் தல முழுகுடா!”

சாவுக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. படித்ததும் கிழித்துவிட வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் படித்த பிறகுதானே கிழிப்பார்கள்? நான் அதுவரை என் கொழுந்தனோடு நேருக்கு நேர் நின்று பேசியதில்லை. அன்று வாசற்படி வரை ஓடிப்போய்ச் சொன்னேன்: “பிரிச்சுப் பாருங்க.”

“அண்ணி, வக்கீல் ஆபீசுல தெனம் பாக்கறேன். வெள்ளைக்காரன் கருப்புக் கரை போட்டா அது சாவு. அதுல படிக்க இன்னா கீது?”

உறையோடு சேர்த்து நான்காகக் கிழித்தார். சாக்கடையில் போட்டார். அப்போது அவர் அழுதுகொண்டுதான் இருந்தார். அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் அழுகிறவனுக்கும் கண் இருக்கிறது. ஒரு நிமிஷம் பிரித்துப் பார்த்திருக்கலாம்.

எல்லோரும் குளிக்கப் போனபோது நான் சாக்கடையில் இறங்கினேன். மூன்று துண்டுகள் போய்விட்டன. ஒரு துண்டு கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. மைப்பென்சில் எழுத்து, தண்ணீர் பட்டு ஊதாவாகப் பூத்திருந்தது. எனக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பத்தாம் நாள் நான்கு பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

என்னைப் பின்கட்டு அறையில் வைத்தார்கள். அங்கே பூஜைப் புத்தகம் ஒன்று கிடந்தது. அதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடமாகத் தெரிந்த ஒரு தோத்திரம் அச்சில் இருந்தது. வாயால் சொல்லிக்கொண்டே விரலை எழுத்தின் மேல் வைத்துக்கொண்டு போனேன். முதல் வரியில் வந்த ‘க’ மூன்றாம் வரியில் எங்கே வருகிறது என்று தேடுவேன். புளி கட்டி வந்த காகிதத்தில் தேடுவேன். ஐந்து மாதம். ஒரு நாள் மத்தியானம் அந்த ஊதாத் துண்டை மடியில் வைத்துப் பார்த்தேன். மேல் வரியில் ‘ய்ச்சல் விட்டு’. கீழ் வரியில் ‘சுகமாய் எழுந்’.

நான் முன்கட்டுக்குப் போய் எல்லோர் முன்னாலும் படித்தேன். நான் படித்ததில்தான் அவர்களுக்கு ஆச்சரியம். படித்த சொல்லில் இல்லை.

“காய்ச்சல்ல எழுந்து உக்காந்திருப்பாரு அண்ணி. அப்புறம் போயிருப்பாரு. சாவறதுக்கு முன்ன எழுதினதை யாரோ போட்டிருக்காங்க” என்றார் உங்கள் தம்பி.

“ஒரு வருஷம் முடியாம முன்கட்டுக்கு வராதே” என்றார்கள் உங்கள் அம்மா.

மறுநாள் கொல்லை வழியாக வெளியேறி, ராயப்பேட்டை வழியாக மவுண்ட் ரோடுக்கு நடந்தேன். பட்டுக்கடையில் ஒரு தமிழ்க் குமாஸ்தா இருந்தார். கொலோனுக்குப் போன தையற்காரர் என்று மட்டும் சொல்லி, உங்கள் பெயரைச் சொல்ல முடியாமல் நான் தவித்ததைப் பார்த்து அவரே சொன்னார். பெரிய புத்தகத்தைப் புரட்டினார். என் வெறும் நெற்றியைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

“யாரும்மா சொன்னது? போன கப்பல்ல அங்கேர்ந்து வந்த சம்பள ஜாபிதாவுல கூட உங்க வூட்டுக்காரர் பேர் கீதே. உசுரோட கீறாரும்மா.”

அவர் எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். குடித்தேனா என்று நினைவில்லை. வரும் வழியில் லஸ் முனையில் ஒரு மஞ்சள் கயிறும் மஞ்சள் கிழங்கும் குங்குமமும் வாங்கினேன். கடைக்காரி என்னையும் குங்குமத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “யாருக்கு?” என்றாள். எனக்கு என்றேன். அவள் கண் முன்னாலேயே கட்டிக்கொண்டேன். நெற்றியில் வைத்துக்கொண்டேன். அப்படியே மாட வீதி நெடுக நடந்து வீட்டுக்கு வந்தேன். குமாஸ்தா சொன்னதைச் சொன்னதற்கு, “பழைய கணக்கைப் பாத்துச் சொல்லியிருப்பான் அண்ணி” என்றார் உங்கள் தம்பி.

அன்றிரவே உங்களுக்கு நான் என் வாழ்க்கையின் முதல் கடிதத்தை எழுதினேன். நீங்கள் அதைக் கடைசி வரை பெட்டியில் வைத்திருந்தீர்களாம். அதில் மூன்றே வரி. ‘நீங்கள் இறந்துபோனதாக இங்கே கருமாதி நடந்துவிட்டது. நான் நம்பவில்லை. வரவும்.’

நீங்கள் ஏன் அந்த ஏழு மாதமும் எழுதவில்லை? வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி அது. “காய்ச்சல்ல கெடந்து எழுதினேன். ஒரு பதில் இல்ல. பதில் வராம நான் மட்டும் எதுக்கு எழுதணும்னு வுட்டுட்டேன்” என்றீர்கள். நீங்களும் என்னைப் போலத்தான். நமக்குள் அந்த ஒன்று பொருத்தமாக இருந்தது. அதுவே நம்மைக் கெடுத்தது.

நீங்கள் தகரப் பெட்டியோடு டிராமிலிருந்து இறங்கி வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் திடுக்கிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். உங்கள் அம்மா வாசலுக்கு வந்தார்கள். உங்களைப் பார்த்தார்கள். கை நீண்டது. பிறகு மடங்கிவிட்டது. “பிண்டம் வச்சாச்சேடா” என்றார்கள்.

புரோகிதரை வரவழைத்தார்கள். அவர் நல்ல மனிதர். “வழி இல்லாம இல்லை. இப்படி வந்தவா முன்னயும் உண்டு. திரும்பப் பொறந்ததா பண்ணணும். துணியில சுத்தி, தொட்டில்ல போட்டு, பேர் வச்சு, காது குத்தி, மறுபடி இதே பொண்ணைக் கல்யாணம் பண்ணிண்டு உள்ளே வரணும். மூணு நாள் வேலை” என்றார்.

“எனக்கு நாப்பத்தாறு வயசு சாமி. தொட்டில் தாங்குமா?” என்று கேட்டீர்கள்.

புரோகிதர்கூடச் சிரித்துவிட்டார். உங்கள் தம்பி சிரிக்கவில்லை. “பண்ணிடுண்ணா. மூணு நாள்தானே” என்றார்.

“தப்பு பண்ணது நீ. தொட்டில்ல நான் படுக்கணுமா? ‘படிக்காம கிழிச்சேன்’னு தெருவுல நின்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் தொட்டில்ல படுத்து அழுதே காட்டறேன்.”

அவர் சொல்லவில்லை. நீங்கள் படுக்கவில்லை. கொல்லைக் கதவு வழியாக என் பின்கட்டு அறைக்கு வந்தீர்கள். என் கழுத்தைப் பார்த்து, “இது யாரு கட்டினது?” என்றீர்கள். நானே என்றேன். “முடிச்சு சரியில்ல” என்று அவிழ்த்து, தையற்காரன் முடிச்சாகப் போட்டுவிட்டீர்கள். நம் இரண்டாவது கல்யாணம் அப்படித்தான் நடந்தது.

ஐந்து மாதம் அந்த அறையில் இருந்தீர்கள். மழை பெய்யும்போது கொலோனைப் பற்றிச் சொல்வீர்கள். அங்கே மழைக்கு யாரும் ஒதுங்க மாட்டார்கள், ஒதுங்கினால் வருஷத்தில் முக்கால்வாசி ஒதுங்கியே நிற்க வேண்டும் என்பீர்கள். வீட்டுக்காரம்மா செய்தது போல வாழைக்காயைத் தட்டிப் பொரித்துக் கொடுத்தீர்கள். மிஷினைப் பின்கட்டில் போட்டீர்கள். யாரும் துணி கொண்டுவரவில்லை. கருமாதி ஆனவர் தைத்த ரவிக்கையைக் கல்யாணப் பெண்ணுக்கு எப்படிப் போடுவது? ஒரே ஒருவர் வந்தார், பழைய சிநேகிதர். நீங்கள் கழுத்தில் டேப் வைத்தபோது அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார் என்று சொன்னீர்கள். “நான் தொட்டா செத்துடுவோம்னு நெனைக்கிறான். அளவு தப்பா வருது.” அதற்குப் பிறகு டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டீர்கள்.

நாளாக நாளாக நீங்களே சந்தேகப்பட ஆரம்பித்தீர்கள். “என் பேர்ல இன்னொருத்தன் இந்த வூட்ல கீறான். அவன் செத்தவன். எல்லாருக்கும் அவனைத்தான் புடிக்குது” என்று ஒரு நாள் சொன்னீர்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அந்த அமாவாசையைத்தான் என்னால் தாண்டவே முடியவில்லை. உங்கள் அம்மா கொல்லைச் சுவரில் இலை வைத்து உங்களுக்காகக் காக்கையைக் கூப்பிட்டார்கள். நீங்கள் நான்கு அடி தூரத்தில் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தீர்கள். அவர்கள் உங்களைத் தாண்டி வானத்தைப் பார்த்துக் கா கா என்றார்கள். உங்களுக்குப் பிடித்த சுண்டைக்காய் வற்றல் குழம்பை ஊற்றிப் பிசைந்த சோறு. நீங்கள் போனீர்கள். இலையை எடுத்தீர்கள். துவைக்கும் கல்லில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தீர்கள். நான் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. உங்கள் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்தார்கள். உள்ளே போய் இன்னொரு கரண்டி சோறு கொண்டுவந்து, சுவரின் மேல், காக்கைக்கு வைப்பது போலவே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். நீங்கள் அதையும் சாப்பிட்டீர்கள். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து, “நான் கெளம்பறேன்” என்றீர்கள்.

“நீயும் வா” என்றீர்கள். சேட் கடையில் கேட்டாயிற்று, கப்பலில் இடம் உண்டு, கொலோனில் நம்மை யாருக்கும் தெரியாது, அங்கே நான் உயிரோடு இருக்கிறவன் என்றீர்கள். மூன்று நாள் கேட்டீர்கள். நான் வரமாட்டேன் என்றேன். நான் போனால் அவர்கள் சொன்னது ஜெயித்துவிடும், அவர்கள் வாயால் தப்பு என்று சொல்லும் வரை இந்த வீட்டை விட்டு ஒரு அடி நகர மாட்டேன் என்றேன். நீங்கள் அதற்கு மேல் கேட்கவில்லை.

நான்கு வருஷம் எனக்கே கடிதம் எழுதினீர்கள். நானே படித்தேன். பிறகு ஒரு பங்குனி மாதம் வெள்ளை உறையில் ஒரு கடிதம் வந்தது. சாதாரண உறை. தபால்காரர் உள்ளே வந்து கொடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்தார். நான் அடுப்படியிலேயே பிரித்தேன். மவுண்ட் ரோடு குமாஸ்தா கொலோன் கடையிலிருந்து வந்த செய்தியைத் தமிழில் எழுதியிருந்தார். மாசி மாதத்தில் ஒரு நாள் மாலை, மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே. கப்பல் கால்வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. தைத்துக்கொண்டிருந்த சட்டையில் ஒரு கைதான் ஏறியிருந்தது. வீட்டுக்காரம்மா உங்களை அந்த ஊர் மேட்டு இடுகாட்டில் அடக்கம் செய்து, தன் செலவில் பூ வைத்தாளாம். உங்களுக்காக இன்னொரு வருஷம் கருப்பு உடுத்தினாள் என்று பிற்பாடு குமாஸ்தா சொல்லித் தெரிந்தது. இங்கே தாலியை அவிழ்த்தது நானே. நீங்கள் போட்ட முடிச்சு சுலபத்தில் வரவில்லை.

பஞ்சாங்கத்தை நானே பார்த்தேன். அங்கே மாலை என்றால் இங்கே மறுநாள் விடியப் போகிற நேரம். எந்த ஊர்ப் பொழுதை எடுப்பது என்று புரோகிதரைக் கேட்டேன். உயிர் போன ஊர்ப் பொழுது என்றார். மாசி, தேய்பிறை சப்தமி.

உங்கள் தம்பியிடம் சொன்னேன். “செஞ்சதையே எப்படித் திருப்பிச் செய்யறது அண்ணி? ஊரு சிரிக்கும்” என்றார். உங்கள் அம்மா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

பதினைந்து வருஷமாக இந்த ஐப்பசி தசமியில் இலை போடுகிறார்கள். உங்கள் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுகிறார்கள். அது யாருக்குப் போகிறது? நீங்கள் பின்கட்டில் சொன்ன அந்த இன்னொருவனுக்குத்தான் போகிறது. அவன் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு இந்த வீட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறான். சில மழை நாளில் எனக்கு அவன் இருமல் கேட்கிறது. உங்கள் இருமல் இல்லை. உங்கள் இருமல் எனக்குத் தெரியாதா? நீங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் பசியோடு இருக்கிறீர்கள். மாசியில் நான் ஒருத்தி கொல்லைச் சுவரில் வைக்கும் ஒரு பிடி சோறு அவ்வளவு தூரம் வருமா என்று தெரியவில்லை.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். இந்தக் காகிதத்தை உங்கள் தம்பி மகனிடம் கொடுக்கப் போகிறேன். அவன் வரும் மாசி தேய்பிறை சப்தமியில் உங்களுக்குச் செய்ய வேண்டும். ஐப்பசி தசமியை அன்றோடு விட்டுவிட வேண்டும். தன் தகப்பன் தப்பு செய்தான் என்று ஆகும் என்று பயப்படுகிறான். ஆகத்தான் வேண்டும். தகப்பன் தப்பைத் திருத்துகிறவன் தகப்பனுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரவில்லை.

என் ஓர்ப்படி, உங்கள் தம்பி மனைவி, அந்த நாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள். அவள் தன் மகனிடம், கடிதத்தைப் படிக்காமல்தான் கிழித்தார் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பதினைந்து வருஷமாக அவள், எனக்கு ஞாபகமில்லை என்கிறாள். இருக்கிறது.

புரோகிதரின் மகன் இப்போது வருகிறார். அவர் இரண்டு தரம் செய்யலாமா என்று ஏட்டைப் புரட்ட வேண்டாம். முதல் தரம் செய்தது உங்களுக்கு இல்லை. அதனால் இது முதல் தரம்.

சுவரின் மேல் வைத்த அந்த இரண்டாவது கரண்டி சோற்றோடு, உங்கள் அம்மா செய்ய வேண்டியது ஒன்றும் பாக்கி இல்லை.

மீதி நான். நீங்கள் என்னை வா என்று மூன்று நாள் கேட்டீர்கள். நான் வராமல் போனதற்கு உங்கள் தம்பி காரணம் இல்லை, கருப்புக் கரை போட்ட உறை காரணம் இல்லை. அவர்கள் தப்பை ஒப்புக்கொள்வதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், உங்களோடு இருக்க வேண்டிய நான்கு வருஷத்தை நான் கிழித்துப் போட்டேன். எல்லோரும் தப்பை வாயால் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவள், முதலில் இதைச் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாளைக் காலையில் அவன் காப்பி கொண்டுவரும்போது அவனை உட்காரச் சொல்லி, இந்தக் கடைசிப் பத்தியை நானே சத்தமாகப் படிப்பேன்.